படகுக் கூலியும் பென்னிக் காசும்

ராயபுரத்தில் ராயப்பர் கோயிலிலிருந்து ரெய்னி ஆஸ்பத்திரிக்கு நடந்தே போய்விடலாம். மீன் கூடை, ஷேர் ஆட்டோ, கன்டெய்னர் லாரி எல்லாவற்றுக்கும் ஒதுங்கி ஒதுங்கி நடக்க வேண்டும் என்பதைத் தவிரத் தூரம் ஒன்றும் பெரிதில்லை. இரண்டும் கிறிஸ்தவர்கள் கொடுத்த பணத்தில் எழுந்தவை. ஒன்று 1829-ல் கட்டப்பட்ட, ராயப்பர் எனப்படும் புனித பேதுருவின் ஆலயம். மற்றொன்று 1888-ல் தொடங்கிய வைத்தியப் பணி வளர்ந்து 1914-ல் ஆஸ்பத்திரிக் கட்டடமாக நிலைபெற்றது. கோயிலுக்குக் கொடுத்தவர்கள் அதன் நிழலிலேயே குடியிருந்த படகுக்காரர்கள். ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் ராயபுரத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால், ஸ்காட்லாந்தில் இருந்தார்கள்.

சபைகளில் ஈகையைப் பற்றிப் பேச்செடுத்தால் மனசைப் பற்றித்தான் பேசுகிறார்கள். உற்சாகமாய்க் கொடுக்கும் மனம், கணக்குப் பார்க்கும் மனம், உண்மையுள்ள உக்கிராணக்காரனின் மனம். மனம் முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் இந்த இரண்டு கட்டடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. பணம் கைக்கு எப்படி வருகிறது, கொடுத்த பிறகு அது யார் கையில் இருக்கிறது, கணக்குக் கேட்கும் உரிமை யாருக்கு என்ற மூன்றும் சேர்ந்துதான் ஒரு சபையின் கொடைப் பழக்கத்தை உருவாக்குகின்றன. பிரசங்கத்தின் வேலை அதற்குப் பிறகுதான் வருகிறது.

முதலில் படகுக்காரர்கள். 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை சென்னைக்குத் துறைமுகம் என்று ஒன்று கிடையாது. கப்பல்கள் கரையிலிருந்து எட்டத்தில், திறந்த கடலில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். கிழக்கிந்தியக் கம்பெனியின் துணி மூட்டை, வெள்ளிப் பெட்டி, கவர்னர், சிப்பாய், சீமையிலிருந்து வந்த துரைசானி என எல்லாமும் எல்லாரும் மசூலா படகில்தான் கரையேற வேண்டும். ஆணி அடிக்காமல் பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்த படகு அது. அலை அறைந்தால் விரிசல் விடாது, நெளிந்துகொடுக்கும். அந்தப் படகை ஓட்டத் தெரிந்தவர்களில் முக்கியமானவர்கள் குருகுல வம்சத்தார். கத்தோலிக்கர்கள். இவர்கள் இல்லையென்றால் கம்பெனியின் சென்னை வியாபாரம் கடலிலேயே நின்றிருக்கும்.

இவர்களுக்கு மாதச் சம்பளம் இல்லை. நடைக்குக் கூலி. கப்பல் வந்தால் பணம், அலை மூர்க்கமானால் பட்டினி. ஐப்பசி, கார்த்திகைப் புயல் காலத்தில் கப்பல்களே சென்னைக் கரையை விட்டு விலகிப் போய்விடும். அப்போது படகு மணலில் கிடக்கும். இப்படி வரும் பணத்தில் மாதா மாதம் இவ்வளவு என்று ஒருவர் நேர்ந்துகொள்ள முடியாது. ஆகவே அவர்கள் கொடுத்த முறை பங்கு முறை. படகுக் கூலியில் ஒரு பகுதி பொதுவுக்குப் போனது. அந்தப் பொதுப்பணம் சேர்ந்துதான் ராயப்பர் கோயில் ஆயிற்று. ஊரின் பெயரும் அவர் பெயரிலிருந்தே வந்தது என்று சொல்வார்கள்.

பங்கு முறை கடலோரத்தில் புதிதல்ல. தெற்கே முத்துக்குளித்துறையிலும் குமரிக் கடற்கரையிலும் பிடிபட்ட மீனில் ஒரு பங்கு கோயிலுக்கு என்ற வழக்கம் தலைமுறை தலைமுறையாக இருந்தது. அந்தப் பங்கைத் தண்டும் உரிமையைக் குத்தகைக்கு விடுவதும் உண்டு. கட்டுமரத்துக்குப் பங்கு, வலைக்குப் பங்கு, ஆளுக்குப் பங்கு என்று பிரித்துப் பழகிய கைகளுக்குக் கோயில் பங்கு என்று ஒன்றைத் தனியே எடுத்து வைப்பது இயல்பாக வந்தது. வலை நிறைந்தால் கோயிலுக்கும் நிறைந்தது. வலை காய்ந்தால் சாமியாரும் காய்ந்தார். அதில் ஒரு நேர்மை இருக்கிறது. கொடுக்க முடியாத நாளில் கொடுக்கவில்லை என்ற குற்ற உணர்ச்சிக்கு அங்கே இடமில்லை.

இதை ஈகை என்று சொல்லலாமா? இந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. கூலி கைக்கு வருமுன்பே கழிக்கப்படும் பங்கில் தனிமனிதனின் விருப்பம் எங்கே இருக்கிறது? தெற்கில் குத்தகைதாரர்கள் பங்கைக் கறாராகத் தண்டியதும், அதனால் மீனவர்களுக்கும் சாமியார்களுக்கும் மனக்கசப்பு வந்ததும் உண்டு. ஊர்க் கட்டுப்பாடு, ஊர் வரி, கோயில் வரி எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இங்கே யாரும் யாரைக் காட்டிலும் அதிகம் கொடுத்தேன் என்று பெருமையடிக்க முடியவில்லை. இன்றைக்கு ஒலிபெருக்கியில் பெயர் வாசித்துத் தொகை சொல்லும் சபைகளைப் பார்க்கும்போது, அந்தப் பழைய கழிவு முறை அவ்வளவு மோசமாகத் தோன்றவில்லை எனக்கு.

படகுக்காரர் கொடையின் உண்மையான சிக்கல் அடுத்ததில் இருந்தது. நாங்கள் கட்டினோம், ஆகவே இது எங்களுடையது. கோயிலின் உரிமை, நிர்வாகம், சாவி யார் கையில் என்பதெல்லாம் ராயபுரத்தில் நெடுங்காலம் பூசலுக்குரிய விஷயங்களாகவே இருந்தன. அந்தக் காலச் சூழலும் இதற்கு எண்ணெய் ஊற்றியது. போர்த்துக்கல் அரசருக்குத் திருச்சபை மீதிருந்த பதுரவாதோ என்ற உரிமைக்குக் கட்டுப்பட்ட மயிலாப்பூர் ஒருபுறம். ரோமாபுரி நேரடியாக அனுப்பிய ஆயர்களின் அதிகாரம் மறுபுறம். சென்னைக் கத்தோலிக்கர் இரண்டு ஆயர்களுக்கும் நடுவே இழுபட்டார்கள். இரண்டு ஆட்சிப் பகுதிகளும் சென்னை–மயிலை உயர்மறைமாவட்டமாக ஒன்றானது 1952-ல்தான். மேலே யார் அதிகாரி என்பதே தெளிவில்லாத காலத்தில், கீழே பணம் போட்டவன் சாவியை விடாமல் பிடித்துக்கொள்வதில் ஆச்சரியமில்லை. அவன் பக்கத்தில் நியாயமும் கொஞ்சம் இருந்தது. அவன் கேட்டது கணக்கு.

ஆனால் கணக்குக் கேட்கும் உரிமை எங்கே முடிகிறது, மற்றவனை வெளியே நிறுத்தும் உரிமை எங்கே தொடங்குகிறது? இதற்கு ராயபுரத்தை விட்டு வெகுதூரம் தெற்கே போக வேண்டும். நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872-ல் எழுந்த திருக்குடும்ப ஆலயம் கால்சட்டை வடிவில் இரண்டு கிளையாகப் பிரிந்தது. ஒரு கிளையில் பிள்ளை, முதலியார். மறு கிளையில் நாடார் முதலிய பிறர். உள்ளே தடுப்பும் இருந்தது. பங்குத்தந்தை கௌசானல் 1910-ல் தடுப்பை இடித்தார். பிள்ளைமார் கோர்ட்டுக்குப் போனார்கள். எங்கள் முன்னோர் பணம் போட்ட கோயில், ஆகவே எங்களுக்குத் தனி இடம், தனி உரிமை என்பது அவர்கள் வாதத்தின் சாரம். சென்னை உயர்நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. காணிக்கை கொடுத்ததனால் கோயில் காணிக்கைக்காரனின் சொத்தாகிவிடாது என்ற நிலை அங்கே உறுதிப்பட்டது. சபை நிதிக்குழுவில் உட்காரும் ஒவ்வொருவரும் அந்த வழக்கின் கதையைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. கொடையை முதலீடாக நினைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடத் தெளிவான பாடம் தமிழ்நாட்டில் இல்லை.

இப்போது ஆஸ்பத்திரி. அதன் கதையைச் சென்னையில் தொடங்கினால் பாதிதான் புரியும். எடின்பரோவில், 1843-ல் தொடங்க வேண்டும். அந்த ஆண்டு மே மாதம் ஸ்காட்லாந்தின் அரசுச் சபையிலிருந்து 450-க்கும் மேற்பட்ட போதகர்கள் ஒரே மூச்சில் வெளியேறினார்கள். சபைக்குப் போதகரை நியமிப்பது நிலப்பிரபுவா, சபையாரா என்பது சண்டை. வெளியே வந்தவர்களுக்கு ஆலயம் இல்லை, வீடு இல்லை, சம்பளம் இல்லை. சென்னையில் பள்ளி நடத்திக்கொண்டிருந்த ஜான் ஆண்டர்சன் உட்பட இந்தியாவிலிருந்த ஸ்காட்லாந்துச் சபையின் மிஷனரிகளும் வெளியேறியவர்கள் அமைத்த புதிய சுயாதீன சபையின் பக்கமே நின்றார்கள். அந்தப் பள்ளிதான் பிற்பாடு சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்தது.

இத்தனை பேருக்கும் யார் சோறு போடுவது? தாமஸ் சால்மர்ஸ் என்ற தலைவர் வெளியேறுவதற்கு முன்பே ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தார். வாரம் ஒரு பென்னி. கூலிக்காரனும் கொடுக்கக்கூடிய காசு. சபையில் நியமிக்கப்பட்டவர்கள் வீடு வீடாகப் போய் வாங்குவார்கள். வாங்கியது அந்தச் சபையிலேயே தங்காது. மையத்துக்குப் போய்ப் பொது நிதியாகும். அதிலிருந்து எல்லாப் போதகர்களுக்கும் சமப் பங்கு. எடின்பரோவின் பணக்காரச் சபை கொடுத்த காசில் வடக்கு மலைநாட்டு ஏழைச் சபையின் போதகர் சாப்பிட்டார். எந்தச் சபை எவ்வளவு அனுப்பியது என்பது அவர்களது மாத இதழில் அச்சாகி வந்தது. பார்க்க விரும்பியவர் பார்க்கலாம்.

ஈகையை வளர்ப்பதற்கு இதைவிடச் சிறந்த ஏற்பாட்டை நான் படித்ததில்லை. காரணம், தொகை சிறியது, தொடர்ந்து வருவது, எழுத்தில் இருப்பது. பெரும்பணக்காரர் ஒருவரின் தயவை நம்பவில்லை. ராயபுரத்திலேயே அந்த வேறு வகைக்கும் உதாரணம் இருக்கிறது. 1910-ல் பிரோஜ் கிளப்வாலா என்ற பார்சி தன் மறைந்த மகன் ஜல் நினைவாகக் கட்டிய அக்கினிக் கோயில். ஒரு தகப்பனின் துக்கம் ஒரு சிறு சமூகத்துக்கே வழிபாட்டிடம் தந்தது. அழகான கொடைதான். ஆனால் அப்படி ஒருவர் கிடைக்காத இடத்தில் அந்த வழி செல்லாது. பென்னி வழி எங்கும் செல்லும்.

இந்தப் பென்னிப் பழக்கத்தில் வளர்ந்த பெண்கள்தான் தங்கள் சபையின் பெண்கள் சங்கம் வழியாக இந்தியாவுக்குப் பணமும் ஆளும் அனுப்பினார்கள். ஸ்கை தீவுக்காரியான டாக்டர் மட்டில்டா மக்ஃபெயில் லண்டன் பெண்கள் மருத்துவப் பள்ளியில் படித்துவிட்டுச் சென்னைக்கு வந்தார். ஆண் வைத்தியரிடம் நாடி காட்டத் தயங்கிய பெண்களுக்கு 1888-ல் சிகிச்சை தொடங்கினார். வந்தவர்களின் எண்ணிக்கைக்கு முதலில் கிடைத்த இடங்கள் போதவில்லை. பணம் திரட்டி ராயபுரத்தில் ஆஸ்பத்திரி எழும்பியபோது, பெண்கள் சங்கத்தில் முன்னின்று உழைத்த கிறிஸ்டினா ரெய்னியின் பெயரை அதற்கு வைத்தார்கள். இதற்குள் 1900-ல் சுயாதீன சபை வேறொரு சபையோடு இணைந்து பெயரும் மாறியிருந்தது. 1947 செப்டம்பர் 27-ல் சிஎஸ்ஐ எனப்படும் தென்னிந்தியத் திருச்சபை உருவானபின் ஆஸ்பத்திரி அதன் பொறுப்புக்கு வந்தது. ராயபுரத்துக்காரர்களுக்கு இந்தச் சபை வரலாறெல்லாம் தெரியாது, தெரியவும் வேண்டியதில்லை. ரெய்னி என்றால் பிரசவ ஆஸ்பத்திரி.

படகுக்காரர் கோயிலில் இல்லாத ஒன்று இங்கே இருந்தது. கொடுத்தவர் வேறு, அனுபவித்தவர் வேறு. சிகிச்சை பெற்ற வண்ணாரப்பேட்டைப் பெண் அந்த நிதிக்கு ஒரு காசும் போட்டதில்லை. அவள் என்ன சாதி, என்ன மதம் என்பது ஸ்காட்லாந்துப் பெண்ணுக்கு ஒரு பொருட்டல்ல. பழைய ஏற்பாட்டில் தசமபாகத்தைப் பற்றிய பகுதிகளில் நம் பிரசங்கிகள் மல்கியாவின் மூன்றாம் அதிகாரத்தோடு நின்றுவிடுகிறார்கள். உபாகமம் பதினான்காம் அதிகாரத்துக்குப் போகிறவர்கள் குறைவு. மூன்று வருடத்துக்கு ஒருமுறை தசமபாகத்தை ஊர் வாசலில் வைத்து லேவியனும் பரதேசியும் திக்கற்றவனும் விதவையும் சாப்பிட்டுத் திருப்தியடைய வேண்டும் என்ற ஏற்பாடு அங்கே இருக்கிறது. பரதேசி என்றால் சபைக்கு வெளியே இருப்பவன். அந்த நான்கில் ஊழியருக்குரிய லேவியனை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற மூவரையும் நாம் கழற்றிவிட்டோம். ரெய்னி ஆஸ்பத்திரி அந்த மூவருக்காகக் கட்டியது.

அதற்காகக் கடல் கடந்த பணத்தைத் தூக்கிக் கொண்டாட முடியாது. அதற்கு இரண்டு நோய்கள் உண்டு. ஒன்று, தூரத்தில் இருப்பவரைக் கொடுக்க வைக்க வேண்டுமென்றால் கதை சொல்லியாக வேண்டும். படகுக்காரனுக்குக் கதை வேண்டாம். கோயில் மணி அவன் காதில் விழுகிறது. எடின்பரோ சீமாட்டிக்கு மிஷனரியின் கடிதம் வேண்டும், படம் வேண்டும், இருளில் கிடக்கும் இந்தியப் பெண் வேண்டும். கொடை தொடர்ந்து வர வேண்டுமானால் அந்தப் பெண்ணின் துன்பமும் கதையில் தொடர்ந்தாக வேண்டும். மிஷன் அறிக்கைகளைப் புரட்டினால் நம் பாட்டிமார்கள் எப்போதும் அழுதுகொண்டே இருப்பது இதனால்தான். இரண்டாவது நோய், கணக்குக் கேட்கும் உரிமை அங்கேயே தங்கிவிட்டது. பணம் எதற்கு, எந்தப் பிரிவு திறக்க வேண்டும், எது மூட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் குழுவில் படுக்கையில் கிடந்தவளின் தெருக்காரர்களுக்கு நாற்காலி இல்லை.

இந்தப் பென்னிச் சபைக்கே இன்னொரு சங்கடமும் நேர்ந்தது. தொடக்க ஆண்டுகளில் அமெரிக்காவில் நிதி திரட்டப் போனவர்கள் தென் மாநிலங்களிலிருந்தும் ஏறத்தாழ 3,000 பவுன் கொண்டுவந்தார்கள். அடிமைகளை வைத்திருந்தவர்களின் பணம். அடிமைத்தனத்திலிருந்து தப்பிவந்த ஃபிரெடெரிக் டக்ளஸ் 1846-ல் ஸ்காட்லாந்து முழுவதும் சுற்றி, பணத்தைத் திருப்பி அனுப்பு என்று கூட்டம் கூட்டமாக முழங்கினார். சுவர்களிலும் அதே வாசகம். சபை திருப்பி அனுப்பவில்லை. காசு எந்தக் கையிலிருந்து வந்தது என்ற கேள்வி உக்கிராணத்துவப் போதனைகளில் வருவதேயில்லை. எவ்வளவு என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். கந்துவட்டிக்காரர் புது ஒலிபெருக்கி வாங்கித் தந்தால் ஜெபம் செய்து வாங்கிக்கொள்கிறோம்.

வெளிநாட்டுப் பணத்தின் சிக்கலைத் தமிழர்களே வெகு முன்பே உணர்ந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 1903-ல் பாளையங்கோட்டையில் தோன்றிய திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பதையே கொள்கையாக வைத்தது. அதன் கர்த்தாக்களில் ஒருவரான வெள்ளாளன்விளை வேதநாயகம் சாமுவேல் அசரியா 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல்லில் அவருடைய சபையார் பெரும்பாலும் நிலமற்ற கூலிகள். அவர்களிடம் போய்க் கொடுங்கள் என்று கேட்கலாமா என்று மிஷனரிகள் தயங்கினார்கள். அசரியா தயங்கவில்லை. உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி தனியே எடுத்து வைப்பது அங்கே வழக்கமாயிற்று. மிசோரமில் 1910 முதல் நடக்கும் கைப்பிடி அரிசிக் காணிக்கையும் இதே தர்க்கம்தான். ஏழையிடம் கேட்காமல் இருப்பது இரக்கம் போலத் தோன்றும். அது அவனைச் சபையின் முழு அங்கத்தினனாக மதிக்காதது என்பது அசரியாவின் எண்ணம். ஈகையைப் பற்றித் தனி நூலே எழுதினார்.

நான் இதில் முக்கால்வாசி அவரோடு ஒத்துப்போகிறேன். மீதிக் கால்வாசிக்குக் காரணம் மாற்கு பன்னிரண்டாம் அதிகாரம். ஏழை விதவை இரண்டு காசைப் போட்ட கதையைக் காணிக்கை எடுக்கும் ஞாயிறெல்லாம் கேட்கிறோம். அதற்குச் சற்று முந்திய வசனத்தில் விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிற வேதபாரகரைப் பற்றி இயேசு எச்சரிப்பதை யாரும் வாசிப்பதில்லை. இரண்டையும் சேர்த்து வாசித்தால், அந்த விதவையிடம் மிஞ்சியது ஏன் வெறும் இரண்டு காசு என்ற கேள்வி எழும். ஏழையிடம் கேட்கலாம், கேட்பவர் தன் வரவு செலவை அவள் முன் விரித்துக் காட்டத் தயாராக இருந்தால்.

பவுல் இதைத் தெரிந்துவைத்திருந்தார். எருசலேமின் ஏழைகளுக்காகப் பணம் திரட்டியபோது தான் மட்டும் எடுத்துப்போகவில்லை. தீத்துவோடு வேறு இரண்டு பேரை, அவர்களில் சபைகளே தெரிந்தெடுத்த ஒருவரும் உண்டு, கூட அனுப்பினார். இவ்வளவு பெரிய தொகையை நடத்துகிற விதத்தில் யாரும் குறைசொல்ல இடம் வரக்கூடாது என்பதே காரணம் என்று அவரே எழுதுகிறார். அப்போஸ்தலனுக்கே சாட்சி தேவைப்பட்டது.

வட சென்னைக்குத் திரும்புவோம். துறைமுகம் வந்தது, மசூலா படகின் காலம் முடிந்தது. 1856-ல் ராயபுரத்திலிருந்து ரயில் ஓடத் தொடங்கியது. அடுத்த நூற்றாண்டில் திருவொற்றியூர், எண்ணூர் வரை தொழிற்சாலைகள் எழுந்தன. அசோக் லேலண்ட், என்ஃபீல்டு, எம்ஆர்எஃப், கார்போரண்டம், அனல்மின் நிலையம். இவற்றோடு ஒரு புதிய மனிதன் வந்தான். மாதம் பிறந்தால் சம்பளம், தீபாவளிக்குப் போனஸ், பி.எஃப். இவனுக்குப் படகுக்காரனின் பங்கு முறை பொருந்தாது. பென்னி முறை கச்சிதமாகப் பொருந்தியது. சிஎஸ்ஐ சபைகளில் மாதச் சந்தாக் கவர், பெயரும் எண்ணும் எழுதியது. முதல் மாதச் சம்பளத்தை அப்படியே காணிக்கையாகக் கொடுக்கும் வழக்கம். அறுப்பின் பண்டிகை ஏலம். வயலே இல்லாத எண்ணூரில் அறுப்பின் பண்டிகைக்குக் சந்தைப் பூசணிக்காயை வாங்கி வந்து ஏலம் விட்டாலும், அதில் ஒரு கொண்டாட்டம் இருக்கத்தான் செய்கிறது. குருசேகரம் தன் வருவாயில் ஒரு பகுதியைப் பேராயத்துக்கு அனுப்பும் ஏற்பாட்டில் சால்மர்ஸின் மைய நிதியின் சாயலும் உண்டு.

அதே தெருக்களில் தகரக் கொட்டகையிலும் மாடி ஹாலிலும் கூடும் தனிச் சபைகள் வேறு வழியில் போயின. இங்கே மையம் கிடையாது. தசமபாகம் பாஸ்டரின் கைக்கு வருகிறது. அதுவே ஹால் வாடகை, அதுவே அவர் வீட்டு மளிகை. பாஸ்டருக்கு ஒவ்வொரு குடும்பமும் தெரியும். யாருக்கு வேலை போனது, யார் வீட்டில் பிரசவம் என்பது அவருக்குத் தெரிவதுபோல் பெரிய சபையின் ஆயருக்குத் தெரியாது. ராத்திரி இரண்டு மணிக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு அவர்தான் கூட ஓடுவார். கொடுப்பவரும் பெறுபவரும் முகம் பார்க்கும் இந்த நெருக்கம் படகுக்காரர்களிடம் இருந்தது. ஆனால் அவர்களிடம் பொதுப்பணம் இருந்தது. இங்கே பல இடங்களில் பொதுப்பணத்துக்கும் சொந்தப் பணத்துக்கும் நடுவே சுவர் இல்லை. பெரிய சபைகளில் தணிக்கை உண்டு, வருடாந்திரக் கூட்டம் உண்டு. அங்கே கணக்கு வாசிக்கும்போது பாதிப் பேர் பிரியாணிக்கு வரிசையில் நிற்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

இரண்டு மாற்றங்கள் இப்போது இந்தப் பழக்கங்களை அசைத்துக்கொண்டிருக்கின்றன. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் 2020-ல் வந்த திருத்தம் முதலாவது. அயல்நாட்டுப் பணம் டெல்லியிலுள்ள ஸ்டேட் வங்கிக் கிளை ஒன்றில்தான் வந்து இறங்க வேண்டும். பெற்ற அமைப்பு அதை வேறு அமைப்புக்கு மாற்றித் தர முடியாது. நிர்வாகச் செலவுக்கு 20 சதவீதத்துக்கு மேல் கூடாது. கடல் கடந்த பென்னியின் காலம் அநேகமாக முடிந்தது. ரெய்னியைப் போல இன்னொன்று எழும்ப வேண்டுமானால் அதற்கான காசு வட சென்னையிலிருந்தே வர வேண்டும். உள்ளூர்க் காசில் ஆலயம் எழுகிறது, கோபுரம் உயர்கிறது, ஏசி வருகிறது. அந்நியருக்கான படுக்கை எழுவது அரிதாகவே இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் பரவி எண்ணூர்க் கழிமுகம் கறுத்துப்போனபோது வலையும் படகும் இழந்தவர்களுக்கு உடனே கொடுக்க எத்தனை சபைகளின் கணக்கில் ஒதுக்கிய நிதி இருந்தது என்று அந்தந்தப் பொருளாளர்கள் தங்கள் ரெஜிஸ்டரைப் புரட்டிப் பார்க்கலாம்.

இரண்டாவது மாற்றம் வேலையில். நிரந்தரத் தொழிலாளி குறைந்து கான்ட்ராக்ட் தொழிலாளி பெருகிவிட்டான். எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-ல் நின்றது. அப்பா வேலை பார்த்த கம்பெனியின் வாசலில் மகன் சாப்பாட்டுப் பார்சலோடு பைக்கில் நிற்கிறான். அவனுக்கு டெலிவரிக்கு இவ்வளவு என்று வருகிறது. காசிமேட்டு விசைப்படகுக்காரனுக்கோ ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலம். அந்த இரண்டு மாதம் வரவே கிடையாது. மாதச் சந்தாக் கவர் இவர்கள் யாருக்கும் ஒத்துவராது. கவர் பாக்கி சேரச் சேரக் கூச்சப்பட்டுச் சபைக்கு வருவதையே விட்டவர்கள் இருக்கிறார்கள். நடைக்குக் கூலி வாங்கிய மசூலாக்காரனின் பங்கு முறைதான் இவர்களுக்குப் பொருந்தும். வந்த நாளில் வந்ததில் ஒரு பங்கு, வராத நாளில் ஒன்றுமில்லை, பாக்கி என்ற பேச்சே இல்லை. சந்தா ரெஜிஸ்டரை இப்படித் திருத்தி எழுத எந்த நிதிக்குழுவும் அவசரப்படுவதாகத் தெரியவில்லை.

நிதிக்குழுவைக் கேட்காமல் போன் அதைச் செய்துகொண்டிருக்கிறது. ஆலய வாசலில் காணிக்கைப் பெட்டிக்குப் பக்கத்தில் கியூஆர் அட்டை வந்துவிட்டது. ஐம்பது, நூற்றிருபது என்று அன்றன்றைக்கு வந்ததிலிருந்து அனுப்புகிறார்கள். பெட்டியில் விழுந்த நோட்டுக்கு இல்லாத தேதியும் நேரமும் இதற்கு இருக்கிறது. அனுப்பியவர் கையிலேயே சாட்சி. பணம் அனுப்புமுன் திரையில் ஒரு பெயர் வரும். சில சபைகளில் அங்கே சபையின் பெயர் வருகிறது. சில சபைகளில் பாஸ்டரின் பெயர், இன்னும் சிலவற்றில் அவர் மனைவியின் பெயர்.